வெண்காரம் சேராத மூசை

சென்னியப்பனுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். சேலத்தில் சூளை வைத்திருந்தவர்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால், முதலில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போனால் துண்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போவார். காப்பிக் கடையில் டம்ளரைத் தானே குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி வந்து நீட்டினால்தான் ஊற்ற விடுவார். ஒரு தடவை ஏற்காட்டு பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தலையில் தேய்த்திருந்த எண்ணெயின் வாடை பொறுக்காமல் பாதி மலையில் இறங்கி நடந்தே கீழே வந்தார். "இந்த மனுசனைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்குதே" என்று அவர் மனைவி சௌந்திரம் ஆரம்பித்தால், கேட்கிறவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது.

பனமரத்துப்பட்டி ஏரிக்குத் தெற்கே அவர்கள் குடும்பத்துக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் பூமி இருந்தது. அப்பா பண்ணையம் பார்த்தார். மகனால் சாணியில் கை வைக்க முடியவில்லை. ஆட்டுக்குட்டி பிறப்பதைப் பார்த்து மயங்கி விழுந்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பா கைகழுவி விட்டார். சென்னியப்பன் சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் கரடு என்கிற குன்றின் ஓரத்தில் ஒரு சூளையில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தச் சூளையையே வாங்கிக்கொண்டார்.

அந்தக் கரட்டை வெட்டினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த கல் வரும். அதைச் சுட்டுப் பொடித்து அச்சில் அடித்து மறுபடி சுட்டால், இரும்பு உருக்கும் உலையின் சூட்டைக்கூடத் தாங்கும். எல்லாச் சூளைகளும் அதில் உலைக்கான செங்கல் சுட்டன. சென்னியப்பன் செங்கல்லோடு மூசையும் சுட்டார். பொன்னும் வெள்ளியும் போட்டு உருக்குகிற குழிந்த பாத்திரம்தான் மூசை. கல்லில் ஊசிமுனை அளவு செம்புள்ளி இருந்தாலும் அவருக்கு ஆகாது. "தள்ளு அதை. பார்த்தாலே ஒரு மாதிரியா இருக்குது" என்பார். கல் பொறுக்கும் பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு தள்ளுவார்கள். இப்படி அருவருத்து அருவருத்து ஒதுக்கியதில் அவர் மூசை பால் மாதிரி வெளுப்பாக வந்தது. எத்தனை தடவை உலையில் வைத்தாலும் விரிசல் விடவில்லை. வடக்கேயிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள்.

கல் பொறுக்குகிற பெண்களுக்குச் சின்னாயி என்பவள் தலைவி மாதிரி. கரட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து அவள் கூட்டி வரும் பெண்கள்தான் எல்லாச் சூளைகளுக்கும் மாறி மாறிப் பொறுக்கினார்கள். அவர்களுக்குச் சூளையில் டீ குடிக்க அலுமினிய டம்ளர்கள் வேப்பமரத்து ஆணியில் தொங்கும். மேஸ்திரிக்கும் லாரி டிரைவர்களுக்கும் கண்ணாடி கிளாஸ்கள் அறைக்குள் பலகையில் இருக்கும். யாரும் உத்தரவு போட்டு வைத்ததில்லை. எல்லாச் சூளையிலும் அப்படித்தான். சென்னியப்பன் அதையும் சுத்தம் பார்ப்பதில் ஒன்றாகவே வைத்திருந்தார். அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது.

மூசைகளை வெளியூருக்கு வாங்கி அனுப்பியவர் தீர்த்தகிரி. வெள்ளிக் கொலுசு வியாபாரத்தில் தொடங்கி, பிறகு எதை வேண்டுமானாலும் எந்தத் தேசத்துக்கும் அனுப்பித் தரும் தரகராக ஆனவர். நல்ல பேச்சுக்காரர். உடுப்பில் மடிப்புக் கலையாது, வாயில் ஏலக்காய் மணக்கும். அதனாலேயே சென்னியப்பனுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. எழுபத்துநான்கில் நம் தேசம் ராஜஸ்தான் மணலுக்கடியில் அணுகுண்டு வெடித்த செய்தி வந்த அன்று, தீர்த்தகிரி பட்டாசுச் சரம் வாங்கி வந்து சூளை வாசலில் வெடித்தார். சென்னியப்பனும் நின்று ஒரு சரம் கொளுத்தினார். புகை வாடைகூட அன்றைக்கு அவருக்குக் குமட்டவில்லை.

எழுபத்தொன்பது மார்கழி வாக்கில் தீர்த்தகிரி ஒரு வெள்ளைக்காரரைக் காரில் அழைத்து வந்தார். ஐரோப்பாவில் தங்கம் உருக்கும் பெரிய ஆலைக்காரர் என்றார். வந்தவர் உயரமாக, வெயிலில் சிவந்து, அதிகம் பேசாதவராக இருந்தார். மூசை ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார், உட்புறத்தை விரலால் தடவினார். இதைவிடப் பெரிதாக, வாளி அளவுக்கு, செய்ய முடியுமா என்று கேட்டார். தீர்த்தகிரி தமிழில் சொன்னார். முடியும் என்றார் சென்னியப்பன்.

"இன்னொண்ணு கேக்கறாருங்கண்ணா. நீங்க கல்மாவுல வெண்காரம் போடுவீங்களான்னு."

"கைப்பிடி போடுவோம். அப்பத்தான் சூட்டுல நல்லா இறுகும்."

வெள்ளைக்காரர் தலையைப் பலமாக ஆட்டினார். கூடவே கூடாதாம். மாவில் மட்டுமல்ல, அந்தக் கொட்டகையிலேயே வெண்காரம் இருக்கக் கூடாதாம். பிசைகிற தண்ணீரையும் சோதித்துத் தர வேண்டுமாம். துளி இருந்தாலும் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

சென்னியப்பனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "தங்கம் உருக்கறதுக்குன்னு சொன்னீங்களே? அழுக்கெடுக்க வெண்காரம் தூவாம எந்த ஊர்லீங்க தங்கம் உருக்கறாங்க? நான் போடாட்டியும் மொத நாளே அவரு போடணுமல்ல?"

தீர்த்தகிரி அதை மொழிபெயர்த்தாரா இல்லையா தெரியவில்லை. வெள்ளைக்காரர் பதில் சொல்லாமல் வெளியே நடந்தார். வெளியே பெண்கள் குத்தவைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்து, ஏதோ சொன்னார். தீர்த்தகிரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சொல்றாரு?" என்றார் சென்னியப்பன்.

"அவங்க சுரங்கத்துலயும் இப்படித்தான் கருப்பாளுக வேலை செய்யறாங்களாம். ஆனா அங்கெல்லாம் ஒழுங்கு பலமாம். கம்பி வேலிக்குள்ள லைன் வீடு. கையில பாஸ் இல்லாம டவுன் தெருவுல கால் வெச்சா ஜெயிலு. பொழுது எறங்கினா ஊருக்குள்ள ஒரு கருப்பன் இருக்கக் கூடாதாம். நீங்க இவங்களை இப்படி வேலி இல்லாம விட்டு வெச்சிருக்கீங்களேன்னு ஆச்சரியப்படறாரு."

"ஐரோப்பாவுல ஏதுங்க கருப்பாளுக சுரங்கம்?"

தீர்த்தகிரி குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன. அவரு தென்னாப்பிரிக்காக்காரரு. நம்ம சர்க்கார் அந்தத் தேசத்தோட யாவாரமே கூடாதுன்னு வெச்சிருக்குது. அதனால பேப்பர்ல ஐரோப்பான்னு போட்டு, அங்க எறக்கி, அங்கிருந்து கொண்டு போயிருவாங்க. நமக்கென்ன? நல்ல சனங்கண்ணா. சுத்தம் பார்க்கறவங்க. யாரை எங்க வெக்கணுமோ அங்க வெச்சிருக்காங்க. நம்ம மாதிரியேதான்." அப்படிச் சொல்லிக்கொண்டே வேப்பமரத்தில் தொங்கிய டம்ளர்களைப் பார்த்துத் தாடையை ஆட்டிக் காட்டினார். கிண்டலாக இல்லை. உறவு கொண்டாடுகிற மாதிரி, பாராட்டுகிற மாதிரி.

சென்னியப்பனுக்கு ஏலக்காய் வாடை மூக்கில் ஏறியது. சூளைக்குப் பின்பக்கம் போய் நின்றார். காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கார் போய்விட்டிருந்தது. சின்னாயி கல்லைக் கீழே வைத்துவிட்டு, "என்னாச்சுங்க சாமி, வெயிலா?" என்று கேட்டாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டிக்குப் போனார். சௌந்திரத்தின் அண்ணன் வெள்ளியங்கிரி அங்கே குடியிருந்தார். கல்லூரியில் வேதியியல் வாத்தியார். எருமப்பட்டியில் பிறந்து வளர்ந்து, சேலத்தில் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். சென்னியப்பன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெண்காரத்துல, அதான் போராக்ஸ், போரான்னு ஒரு பொருள் இருக்குதுங்க மாப்ளே. தங்கத்துக்கு அதனால ஒரு கெடுதலும் இல்லை. அதுக்குப் பயப்படற உலோகம் யுரேனியம். அணு உடையறதுக்கு வேணுங்கிற துகளைப் போரான் முழுங்கிப் போடும். அதனால அதை உருக்கற மூசையில துளி இருந்தாலும் ஆகாது. இதை மட்டும் வெச்சு உறுதியாச் சொல்லிப்போட முடியாது. ஆனா தேசத்துப் பேரையே பொய்யாச் சொல்லிக்கிட்டு வந்து இதைக் கேக்கறான்னா, வேற எதுக்குன்னு எனக்குத் தோணலை."

"குண்டுக்கா?"

"ரெண்டு வருசம் முந்திப் பேப்பர்ல வந்துச்சே. அந்தத் தேசத்துப் பாலைவனத்துல குண்டு வெடிச்சுப் பார்க்கக் குழி தோண்டி வெச்சிருந்தாங்க. ரசியாக்காரன் மேலிருந்து படம் புடிச்சு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டான். ஒருத்தனுக்கொருத்தன் ஆகாத தேசமெல்லாம் ஒட்டுக்காச் சத்தம் போட்டுச்சு. வெடிக்காம விட்டுட்டாங்க."

 "நம்மளும்தான வெடிச்சோம் மச்சான்? நானே பட்டாசு கொளுத்தினேன்" என்றார் சென்னியப்பன்.

"நான் கொளுத்தலை" என்றார் வெள்ளியங்கிரி. "எவன் கையில இருந்தாலும் அது ஈனப் பொருள்தான். ஆனா இவனுக கதையைப் பாருங்க. ஊர்ல முக்காவாசிச் சனத்துக்கு ஓட்டு இல்லை. சொந்த மண்ணுல நடக்க அனுமதிச் சீட்டு. அதைப் பார்த்து இன்னைக்கு நாலு தேசம் சாமான் தர மாட்டேங்குது, விளையாட வர மாட்டேங்குது. அது அவனுக்கு உறைக்குது. குண்டு கைக்கு வந்திருச்சுன்னா வெளியிலிருந்து ஒருத்தனும் அவனை அதட்ட முடியாது. காலத்துக்கும் அந்தச் சனத்தை மிதிச்சுக்கிட்டு இருக்கலாம். அதுக்குத்தான் அவனுக்குக் குண்டு."

"அப்ப என்னதான் பண்றது?"

"சாமான் தரக் கூடாது. ஒருத்தன் மட்டும் தராம இருந்தாப் பத்தாது, அவன் பக்கத்துக் கடைக்குப் போவான். ஒட்டுக்கா யாரும் தரக் கூடாது. அப்புறம் சத்தம் போடணும். மறைவா நடக்கற வரைக்கும்தான் இதெல்லாம் நடக்கும்."

சென்னியப்பன் வீட்டுக்கு வந்து சௌந்திரத்திடம் சொன்னார். அவள் முறத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "தீர்த்தகிரி போனா உங்க மூசையை வாங்க ஆளில்லையே" என்றாள்.

"இல்லைதான்."

"வேண்டாம்னு சொல்லிப்போட்டு அப்புறம் மூணு மாசம் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"அந்தாளு என்னைப் பார்த்து நம்ம மாதிரியேன்னான் சௌந்திரம். அது தொண்டையை விட்டு எறங்க மாட்டேங்குது."

"அவன் பொய் சொல்லலையே" என்றாள் அவள், புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த நாள் சூளைக்குப் போனதும், ஆணியில் இருந்த அலுமினிய டம்ளர்களைத் தானே எடுத்துக் கல்லால் நசுக்கிப் பழைய சாமான்காரனிடம் போட்டார். எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ் என்றார். இரண்டு டிரைவர்கள் அன்றைக்கே டீ குடிக்காமல் போனார்கள். பெண்களும் கிளாஸை எடுக்கத் தயங்கினார்கள். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்கிற சந்தேகம் அவர்களுக்கு. சின்னாயி மட்டும் எடுத்துக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவாமல் அவர் கண்முன்னால் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். அவருக்கு உடம்பு கூசியது. அந்தக் கூச்சம் ஒரே நாளில் போய்விட்டது என்று சொன்னால் பொய். பல மாதம் அவர் தன் கிளாஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டீ ஊற்ற விட்டார். முன்னே மற்றவர்களைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது தன்னைப் பார்த்தே வர, அதை எங்கே துப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

தீர்த்தகிரி வந்தபோது அறைக்குள் உட்காரச் சொல்லாமல் வாசலிலேயே பேசினார். "இந்த மூசை என்னால ஆகாதுங்க."

"விலை பத்தலைன்னா சொல்லுங்கண்ணா."

"விலை இல்லை. அது எதுக்குப் போகுதுன்னு தெரியும்."

தீர்த்தகிரி முகம் மாறவில்லை. "தெரிஞ்சா நல்லதுதான். மறைக்க வேண்டிய வேலை மிச்சம். அண்ணா, நீங்க செய்யாட்டி செங்கோட்டையன் செய்வான். அவன் செய்யாட்டி வேற தேசத்துக்காரன் செய்வான். குண்டு வரப்போறது வரத்தான் போகுது. எழுபத்துநாலுல நீங்களும்தான பட்டாசு வெடிச்சீங்க?"

"வெடிச்சேன். இப்ப நெனைச்சா அதுவும்தான் வயித்தைப் பெரட்டுது. அதுக்காக இதையும் செய்யணும்னு இருக்குதா? கம்பி வேலிக்குள்ள மனுசனை அடைச்சு வெச்சிருக்கிறவனுக்கு நான் பாத்திரம் செஞ்சு குடுக்க மாட்டேன். நீங்க இனி இங்க வர வேண்டாமுங்க."

செங்கோட்டையன் அடுத்த சூளைக்காரர். சென்னியப்பனுக்குப் பங்காளி முறை. அவர் அந்த வேலையை வாங்கிக்கொண்டார் என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சூளையாகப் போனார். எல்லோரும் உட்கார வைத்து மரியாதையாகக் கேட்டார்கள். அவர் போனதும் சிரித்தார்கள். "எண்ணெய் வாடைக்கு பஸ்ஸை விட்டு எறங்கினவரு, இப்ப ஆப்பிரிக்கா வாடை அடிக்குதாம்" என்று பேசிக்கொண்டார்கள். செங்கோட்டையன் நேராகவே சொன்னார்: "பங்காளி, என் மூசை என் வாசலைத் தாண்டினா எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அவன் அதுல குண்டு உருக்கட்டும், கோழிக் கறி சமைக்கட்டும்."

ஒரு தொழில்துறை அலுவலகத்துக்கும் போனார். அங்கிருந்த அதிகாரி பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூசை தடை செய்த பொருள் இல்லை என்றார். "போற தேசம் தடை செஞ்ச தேசமுங்களே" என்றார் சென்னியப்பன். "பேப்பர்ல அப்படி இல்லையே பெரியவரே" என்றார் அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண ஆள். அந்தச் சாதாரணம்தான் சென்னியப்பனுக்கு அதிகம் குமட்டியது. இவ்வளவு பெரிய அசிங்கம் இவ்வளவு சுத்தமான கைகள் வழியாகவா போகும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

செங்கோட்டையனுக்கு மாவு அவ்வளவு வெளுப்பாக வர வேண்டுமானால் சின்னாயியின் ஆட்கள் வேண்டும். அவளிடம் ஆள் அனுப்பியிருந்தார். அது தெரிந்து, சென்னியப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போனார். அத்தனை வருஷத்தில் அவர் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. சின்னாயி குடிசை வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னாள். கேட்காமலே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். வாய்வரை கொண்டுபோகக் கை வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.  கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் வேர்த்துவிட்டது.

வந்த காரியத்தைச் சொன்னார். கம்பி வேலி, பாஸ், பொழுது இறங்கினால் ஊருக்குள் இருக்கக் கூடாது என்கிற சட்டம், குண்டு, எல்லாவற்றையும் சொன்னார். சின்னாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"பொழுது எறங்கினா ஊருக்குள்ள இருக்கக் கூடாதுங்கறது எனக்கென்னங்க சாமி புதுசு? எங்கப்பன் காலத்துல இங்க பகல்லயே கூடாது. செருப்பைக் கக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் உங்க தெருவைத் தாண்டுவாரு."

"தெரியும்."

"டம்ளரை நசுக்கினீங்க. சரி. அத்தனை வருசம் அதுல குடிச்சமே, அது என்னங்க ஆச்சு?"

 "அதுக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல சின்னாயி" என்றார் சென்னியப்பன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "அங்க கல் பொறுக்கற பொம்பளைகளும் இருப்பாங்களாக்கும்?"

"இருப்பாங்க."

"நாங்க வர மாட்டோம்னு செங்கோட்டையனூட்டுக்குச் சொல்லியனுப்பறேன். உங்களுக்காவ இல்லீங்க சாமி. அதைத் தெரிஞ்சுக்கங்க. ஆனா அந்தக் கூலி எங்களுக்குப் போச்சுன்னா அடுப்பு எரியாது. உங்க சூளையில வேலை குடுங்க."

"குடுக்கறேன்" என்றார். கொடுத்தார். விற்க ஆளில்லாத மூசைகளுக்கும் செங்கல்லுக்கும் அவர்கள் கல் பொறுக்கினார்கள். சௌந்திரம் எருமப்பட்டியில் தனக்கு வந்த பங்குக் காட்டை விற்ற பணத்தில்தான் அந்த வருஷம் ஓடியது. அதை அவள் பல வருஷம் கழித்து வேறு ஏதோ சண்டையில்தான் சொல்லிக் காட்டினாள்.

செங்கோட்டையன் தர்மபுரிப் பக்கமிருந்து வேறு ஆட்களைக் கூட்டி வந்தார். பழக்கமில்லாத கைகள். கல் பொறுக்கி முடிக்கவே பல மாதம் ஆயிற்று. அந்த வேலையை யாராலும் நிறுத்திவிட முடியவில்லை, தாமதம்தான் செய்ய முடிந்தது. ஒரு நாள் மரப்பெட்டிகள் லாரியில் ஏறின. எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் என்பதை லாரி டிரைவர் டீக்கடையில் சாதாரணமாகச் சொன்னார். சென்னியப்பன் வெள்ளியங்கிரியை அழைத்துக்கொண்டு மெட்ராசுக்கு ரயில் ஏறினார்.

சுங்க அலுவலகத்தில் அவர்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். மத்தியானம் வரை சென்னியப்பன் பொறுத்தார். அந்த நடைக்கூடத்தில் வெற்றிலை எச்சில் படாத சுவரே இல்லை. அவருக்குத் தலை சுற்றியது. அப்படியே நடுக்கூடத்தில் நின்று, சூளையில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்துவிட்டார். தென்னாப்பிரிக்காவுக்குச் சாமான் போகிறது, பேப்பரில் ஐரோப்பா என்று இருக்கிறது, அணுகுண்டுக்குப் பாத்திரம், இந்தக் கப்பலில், இந்தப் பெயரில் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளியங்கிரி வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றார். அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. வெளியே அனுப்பப் பார்த்த காவலாளியிடம், "கையை எடு, அழுக்கா இருக்குது" என்றார்.

வயதான அதிகாரி ஒருவர் அவரை உள்ளே கூப்பிட்டார். பொறுமையாகக் கேட்டார். வெண்காரத்தைப் பற்றி வெள்ளியங்கிரி விளக்கியதைக் குறித்துக்கொண்டார். "மூசையை நான் நிறுத்த முடியாது. ஆனால் போகிற இடம் பொய் என்றால் நிறுத்த முடியும்" என்றார். பெட்டிகளை ஏற்றாமல் வைத்துவிட்டு, ஐரோப்பாவில் இருப்பதாகச் சொன்ன தங்க ஆலைக்கு டெலக்ஸ் அடிக்கச் சொன்னார். அங்கிருந்து பதிலே வரவில்லை. அந்த விலாசத்தில் ஒரு வக்கீல் அலுவலகம்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. பெட்டிகள் மழையில் கிடந்து, கடைசியில் பறிமுதல் ஆயின.

செங்கோட்டையனுக்குப் பெரிய அடி. பங்காளி வீட்டு விசேஷங்களுக்குச் சென்னியப்பனை அழைப்பது நின்றது. காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் வந்தது. தீர்த்தகிரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிகள் செங்கோட்டையன் பெயரில் இருந்தன, தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்து, கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்டார். அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் சென்னியப்பன் சுற்றுவழியில் போவார்.

எண்பத்து மூன்றில் சூளைக்காரர்கள் எல்லோரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வழக்கமில்லாத அளவிலோ வழக்கமில்லாத நிபந்தனையோடோ யார் மூசை கேட்டாலும், வாங்குகிறவன் யார், எங்கே கொண்டுபோகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் எவரும் செய்யக் கூடாது. ஒருவர் மறுத்ததை மற்றவர் வாங்கக் கூடாது. அதை முன்மொழிந்ததே செங்கோட்டையன்தான். சென்னியப்பன் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து வெள்ளியங்கிரியிடம் எரிந்து விழுந்தார்.

"ஒருத்தனாவது அந்தச் சனத்தை நெனைச்சு ஒத்துக்கிட்டானா மச்சான்? சரக்குப் பறிமுதலாயிருமேன்னு பயந்துக்கிட்டு ஒத்துக்கிட்டானுக. த்தூ."

"பயம் போதுமுங்க மாப்ளே. எல்லாருக்கும் மனசு மாறணும்னா உங்க பேரன் காலத்துக்கும் ஆகாது. நட்டம் வரும்னு தெரிஞ்சா நாளைக்கே கேள்வி கேப்பான்."

அது உண்மையாகவும் ஆயிற்று. இரண்டு வருஷம் கழித்து பம்பாயிலிருந்து ஒரு தரகர் வந்து, வெண்காரம் சேராத பெரிய மூசை வேண்டும் என்று கரட்டோரம் சூளை சூளையாக ஏறி இறங்கினார். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். "வேற எங்கியோ கெடைச்சிருக்கும்" என்றார் சென்னியப்பன். "கெடைச்சிருக்கும். ஆனா இங்க கெடைக்கலை. அதிக நாள் ஆகும், அதிக செலவாகும், இன்னும் நாலு பேருக்குத் தெரியும். அவ்வளவுதான் நம்ம கையில" என்றார் வெள்ளியங்கிரி. சென்னியப்பனுக்கு அது ஆறுதலாக இல்லை. ஆறுதலே அவருக்குப் பிடிக்காது.

எண்பத்தேழில் எருமப்பட்டியில் சௌந்திரத்தின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சென்னியப்பனுக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர் தீர்த்தகிரி. தலை நரைத்து, உடம்பு பருத்து, இன்னும் அதே ஏலக்காய் மணத்தோடு இருந்தார்.

"என்னங்கண்ணா, எத்தனை வருசம். இன்னுமா கோவம்?" என்று தொடையில் தட்டினார். "எல்லாம் யாவாரம்தான. அந்த வெள்ளைக்காரரு இப்பவும் உங்களை விசாரிப்பாரு. சேலத்துல ஒரு சுத்தமான மனுசன் இருந்தாரேன்னு."

சென்னியப்பன் சோற்றில் கை வைத்திருந்தார். கையை எடுத்தார். பரிமாறுகிறவர் சாம்பாரோடு குனிந்து நின்றார். "தப்பா நெனைச்சுக்காதீங்க, சாமி" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, இலையை மடித்து எழுந்தார். தீர்த்தகிரி பக்கம் திரும்பவில்லை. பெண்கள் பந்தியில் அப்போதுதான் உட்கார்ந்திருந்த சௌந்திரத்தை ஜாடை காட்டி எழுப்பினார்.

"ஏனுங்க, பாயசம் இன்னும் வரவே இல்லை" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று அவர் சொன்னார். அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

"அந்தாளு இலையில துப்பிட்டு வந்தீங்களா?"

"இல்லை."

"நானா இருந்தாத் துப்பியிருப்பேன்" என்றாள் சௌந்திரம். நாமக்கல் பஸ் வந்தது. கூட்டம் அதிகமில்லை. அவரை ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டு, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, மடியில் முடிந்திருந்த கடலையை அவிழ்த்து அவருக்கும் கொஞ்சம் கொடுத்தாள்.